ஆளுக்கு ஒரு பூச்சு

என் அக்கா வீட்டுக்காரருக்குக் காது ரொம்பக் கூர்மை. நான் சொல்வது மட்டும் அதில் ஏறாது. மற்றபடி, டீசல் வண்டி ஒன்று தெருமுனையில் திரும்பும்போதே அதன் பம்ப்பில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பஸ் டிப்போவில் எரிபொருள் பம்ப் பிரிவில் பாதி ஆயுசைக் கழித்தவர். அங்கே அவருக்குப் பெயரே பம்ப்தான். மேலதிகாரி "பம்ப்பை வரச்சொல்லு" என்றால் இவர்தான் கையைத் துடைத்துக்கொண்டு போவார். எனக்கு அவர் மாமா.

ஒருநாள் டிப்போவை மூடினார்கள். பஸ்களை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். கம்பெனி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. மாமாவுக்குக் கைதட்டலும் ஒரு சுவர்க் கடிகாரமும் கிடைத்தன. கடிகாரம் சீக்கிரமே நின்றுவிட்டது. நீங்களே சரிபண்ணலாமே என்றேன். அது தன் பிரிவு இல்லை என்றார். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை போனவர் என்ன செய்யவேண்டும்? வெட்கத்தை விட்டு நாலு பேரிடம் போய் நிற்கவேண்டும். மாமா நிற்கமாட்டார். தனக்காக வாயைத் திறப்பது என்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போனது. அப்புறம் அக்காவையும் பெண்ணையும் எங்கள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். சண்டை, மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. "வேலை கிடைச்சதும் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லி அவரே பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

அது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அக்கா அங்கே ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தாள். பெண் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மாமா இங்கே முன்னறை சோபாவிலேயே தூங்கினார். படுக்கையறையை அவர் திறப்பதே இல்லை. ஒருமுறை நான் திறந்து பார்த்தேன். பெண்ணின் படிப்பு மேசையைப் பழைய போர்வையால் மூடி, நாலு மூலையிலும் துணி கிளிப் மாட்டி வைத்திருந்தார். போனில் பேசினால், சாப்பிட்டாயா, பாப்பா படிக்கிறாளா, சரி வைக்கிறேன், அவ்வளவுதான். இந்த ஊரில் அவருக்கு மிச்சமிருந்த சொந்தம் நான் ஒருத்தன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறேன். வீட்டுக்குப் போகிற வழியில் அவரை எட்டிப் பார்ப்பேன், எரிச்சலோடு திரும்பி வருவேன்.

வேலைக்கு வழி கிடைத்ததும் என் கடையில்தான். வண்டிகளின் வேகத்தைக் கூட்டித் தருகிற ட்யூனிங் கடை முதலாளி ஒருவர் எங்களிடம் கண்ணாடி போட்டுக்கொள்ள வந்தார். மாமாவை விட வயதில் சின்னவர், நிதானமான மனுஷர். அவர் கண்ணை அளந்துகொண்டே மாமாவைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பஸ் வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், சின்ன வண்டியில் கை எப்படி என்று பார்த்தால்தான் தெரியும் என்றார். மாமாவிடம் இருக்கிற வண்டியையே எடுத்து, பெரிய டர்போவும் பெரிய இன்டர்கூலரும் போட்டு, சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலவிட்டு இன்ஜின் பலத்தை அளக்கிற தன் கடை ரோலர் மெஷினில் ஏற்றிக் காட்டட்டும். சரியாக இருந்தால் மறுநாளே வேலை என்றார். மாமாவிடம் சொன்னேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

வண்டி ஒரு பழைய டீசல் ஹாட்ச்பேக் கார். சாம்பல் நிறம். மேட்டில் ஏறும்போது நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்த்துப் பாவப்படுவார்கள். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற ஒரு விசிறி. அப்படி ஊதும்போது காற்று சூடாகிவிடும். சூடான காற்றைக் குளிர வைத்து அனுப்புகிற தகரப் பெட்டிதான் இன்டர்கூலர். இரண்டையும் பெரிதாக்கி, அதற்கு ஏற்ற மாதிரி டீசலையும் அளந்து விட்டால் அதே இன்ஜின் வேறு இன்ஜின் ஆகிவிடும். இதையெல்லாம் எனக்கு மாமா சொல்லித்தான் தெரியும். அந்த நாட்களில் அவர் பேசிய பேச்சு, கல்யாணம் ஆன நாள் முதல் எங்கள் வீட்டில் பேசியதைவிட அதிகம்.

கூட்டு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் பழைய டிப்போ ஆட்கள். ஒருவர் டிங்கர். பஸ்ஸின் நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தியவர், இப்போது கடைகளின் ஷட்டர் கதவு ரிப்பேர் செய்கிறார். வாய் ஓயாது. இன்னொருவர் லேத். எந்த இரும்பையும் கடைந்து கொடுப்பார், இப்போது மார்க்கெட் மூலையில் சாவி வெட்டுகிறார். அவருக்குப் பேச்சே கிடையாது. லேத் வீட்டுப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே வண்டியை ஜாக்கியில் ஏற்றினார்கள். விளக்கைப் பிடிப்பதற்கு நான். என்னை அவர்கள் "கண்ணாடி" என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்த மூவரிடமும் ஒரு பழக்கம் இருந்தது. டிப்போவிலிருந்து கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. எப்போதோ ஒரு பஸ்ஸின் சக்கரம் நடுரோட்டில் கழன்று ஓடிவிட்டதாம். அன்றிலிருந்து டிப்போவில், ஒருவர் முறுக்கின நட்டை இன்னொருவர் ஒரு முறுக்கு முறுக்கவேண்டும், மூன்றாமவரும் ஒரு முறுக்கு முறுக்கவேண்டும் என்று ஆகிவிட்டது. செய்தாயா என்று கேட்கக்கூடாது. கேட்டால் சந்தேகப்படுகிறாய் என்று அர்த்தம், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கேட்காமல், சொல்லாமல், போகிற போக்கில் தன் பங்கைச் செய்துவிட்டுப் போகவேண்டும். அதுதான் மரியாதை. மாமா முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனால் டிங்கர் வந்து முறுக்குவார், அவர் நகர்ந்ததும் லேத் வந்து முறுக்குவார். ஒருத்தர் செஞ்சா போதாதா, வாயைத் திறந்து கேட்டுத் தொலைக்கக் கூடாதா என்றேன். "கண்ணாடி, நீ விளக்கை ஆட்டாம பிடி" என்றார் டிங்கர். மாமாவும் சிரித்தார்.

டர்போவை ஒரு நொறுங்கிப்போன வேனிலிருந்து எடுத்தார்கள். இன்டர்கூலர், பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்தில் கிடைத்தது. வண்டி முகத்தைவிட அகலம். டிங்கர் பம்பருக்குப் பின்னால் இருந்த தகரத்தை வெட்டி, பட்டை அடித்து, அதை எப்படியோ உட்காரவைத்தார். அதற்கு இடம் வேண்டும் என்று, இன்ஜின் காற்று இழுக்கிற குழாயின் வாயைக் கீழே பம்பருக்கு அடியில் திருப்பிவிட்டார்கள். லேத், டர்போவுக்கும் குழாய்களுக்கும் நடுவில் வருகிற வளையங்களைக் கடைந்து கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி எடுத்து வருவார். மாமா பம்ப்பைப் பிரித்துப்போட்டு அதன் மேல் குனிந்தார் என்றால் நிமிரமாட்டார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

டர்போ சுழலுவதற்கு எண்ணெய் வேண்டும். மேலே ஒரு குழாய் வழியாக எண்ணெய் உள்ளே போகும். கீழே இன்னொரு குழாய் வழியாக வடிந்து இன்ஜினுக்கே திரும்பிவிடும். அந்த வடிகுழாய் சேருகிற இடத்தில் ஒழுகாமல் இருக்கச் சிவப்பு நிறத்தில் ஒரு பசை பூசுவார்கள். பஸ்ஸில் அந்தக் குழாய்க்குள் இரண்டு விரலை விடலாம். எவ்வளவு பூசினாலும் ஒன்றும் ஆகாது. இந்தச் சின்ன வண்டியில் சுண்டுவிரல் நுழைந்தாலே பெரிய விஷயம். இது மூவருக்கும் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொருவரும் கவனமாக, அளவாகப் பூசினார்கள்.

வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிய அன்று நாலு பேரும் ஏறிக்கொண்டு ஊருக்கு வெளியே போகிற அகலமான ரோட்டுக்குப் போனோம். மாமா மெதுவாகத்தான் ஓட்டினார். ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் அழுத்தினார். என் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. டிங்கர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சந்தோஷமாகச் சொன்னார். லேத்கூடச் சிரித்தார். பின்னால் லேசாக நீலப் புகை வந்தது. புது வேலைதானே, இரண்டு நாளில் அடங்கிவிடும் என்றார்கள். திரும்பி வந்ததும் மாமா கொட்டகைக்கு வெளியே போய் அக்காவுக்குப் போன் போட்டார். அவராக முன்வந்து போட்டு நான் பார்த்ததில்லை.

"சனிக்கிழமை ரோலர்ல ஏத்துறோம். முடிஞ்சா வந்துட்டுப் போ" என்றார்.

வந்துட்டுப் போ. எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வா என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா? கேட்டே விட்டேன். கையில் வேலை ஆர்டர் வராமல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது என்றார். அன்றைக்குச் சாயங்காலம் படுக்கையறையைத் திறந்து பெருக்கினார். பெண்ணின் மேசையிலிருந்து போர்வையை எடுத்து உதறி, மொட்டை மாடியில் காயப்போட்டார்.

சனிக்கிழமை ட்யூனிங் கடைக்குப் போனோம். தரை கழுவிவிட்ட மாதிரி சுத்தம். சுவரில் சாமான்கள் வரிசையாகத் தொங்கின. வண்டியின் முன் சக்கரங்களை ரோலர் மேல் நிறுத்தி, நாலு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டினார்கள். மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். முதலாளி கம்ப்யூட்டர் முன்னால். அக்காவின் பஸ் இன்னும் வந்து சேரவில்லை.

முதல் ஓட்டம் பாதி வேகத்தில். திரையில் ஒரு கோடு மேலே ஏறி, வழுக்காமல், உதறாமல் அப்படியே நின்றது. முதலாளி தன் புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். டிங்கர் என் தோளை அமுக்கினார். என் மனசு அக்காவின் சாமான்களை வேனில் ஏற்றுகிற அளவுக்கு ஓடிவிட்டது.

இரண்டாவது ஓட்டம் முழு வேகத்தில். இன்ஜின் சத்தம் கூடிக்கொண்டே போனது. கோடு எங்கேயோ போனது. போதும் என்று முதலாளி கையைக் காட்டினார். மாமா மிதியிலிருந்து காலை எடுத்தார். சத்தம் குறையவில்லை. குறையாததோடு, இன்னும் ஏறியது. மாமா சாவியைத் திருப்பி, உருவி, கையில் எடுத்து ஜன்னல் வழியாக எங்களிடம் காட்டினார். சாவி கையில், இன்ஜின் ஓடுகிறது. 

டீசல் இன்ஜினுக்கு டீசலும் ஒன்றுதான், எண்ணெயும் ஒன்றுதான். சாவியை எடுத்தால் டீசல் நிற்கும். ஆனால் வடிய வழியில்லாத எண்ணெய் டர்போவுக்குள் பெருகி, காற்றோடு சேர்ந்து இன்டர்கூலருக்குள் போய், அங்கிருந்து இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை எரித்துக்கொண்டு அது பாட்டுக்கு ஓடியது. கடை முழுக்க வெள்ளைப் புகை. இன்ஜின் திணறி நிற்கட்டும் என்று, பெரிய கியரில் போட்டு பிரேக்கை அழுத்தச் சொல்லி முதலாளி கத்தினார். மாமா அழுத்தினார், பழைய கிளட்ச் பிடிக்காமல் வழுக்கி, கருகிய நாற்றம் வந்தது. காற்று இழுக்கிற வாயை அடைத்தால் நின்றுவிடும். லேத் தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு ஓடினார். அந்த வாய் பம்பருக்கு அடியில், கை போகாத இடத்தில் இருந்தது. தரையில் குப்புறப் படுத்துக் கையை விட்டுப் பார்த்தார். முதலாளி அவர் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். அப்புறம் ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. வண்டிக்கு அடியிலிருந்து கறுப்பு எண்ணெய் அந்தச் சுத்தமான தரையில் பரவியது. அதில் இரும்புத் துண்டுகள் கிடந்தன.

மாமா இறங்கவில்லை. நான்தான் கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கினேன். சாவியை இன்னும் விடாமல் பிடித்திருந்தார்.

சூடு அடங்கியதும் முதலாளி தானே குனிந்து டர்போவின் வடிகுழாயைக் கழற்றினார். குழாயின் வாயில் சிவப்புப் பசை பிதுங்கி, இறுகிப்போய் நின்றது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பூச்சு. நடுவில் ஒரு குண்டூசி போகிற அளவு ஓட்டை. மெதுவாக ஓட்டும்போது அந்த ஓட்டை போதும். முழு வேகத்துக்கு எப்படிப் போதும்?

"இதை யார் பூசினது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் மாமா.

"இல்லைங்க, நான் பூசினேன்" என்றார் டிங்கர்.

லேத் வெறும் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். "நானும்" என்றார்.

ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றப் பொய் சொல்லவில்லை. மூன்றும் உண்மை. மாமா பூசி மாட்டியிருக்கிறார். டிங்கர் அதைத் தளர்த்தி, தன் பங்குக்கு ஒரு பூச்சு பூசி முறுக்கியிருக்கிறார். தான் கடைந்த வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க லேத் திரும்பவும் கழற்றி, அவரும் ஒரு பூச்சு. மூவரும் அளவாகத்தான் பூசினார்கள். ஒருத்தர் வாயைத் திறந்து "பூசிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. மூன்று கிழட்டுக் கழுதைகளையும் அங்கேயே அறையவேண்டும் போலிருந்தது எனக்கு. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றதைப் பார்த்து அழுகையும் வந்தது.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். டீசல் அளந்து விட்ட விதம் அற்புதம், தன் ஆட்களுக்கே அப்படி வராது என்று மாமாவிடம் சொன்னார். அப்புறம் எண்ணெய் பரவிய தரையைப் பார்த்தார்.

"ஒருத்தர் பூசிக் கெட்டுப்போயிருந்தா நான் உங்களை எடுத்திருப்பேன். யாருக்கும் தப்பு வரும்" என்றார். "ஆனா இங்க இருக்கிறது ஊரான் வண்டி. ஒருத்தர் செஞ்சதை இன்னொருத்தர் கேட்காம தொடக்கூடாது. உங்க கைக்கு இனிமே கேட்டுத் தொடற பழக்கம் வராதுங்க. மன்னிச்சுக்கங்க."

மாமா சரி என்று தலையாட்டினார். மூலையில் இருந்த மரத்தூளை அள்ளி வந்து எண்ணெய் மேல் போட ஆரம்பித்தார். டிங்கரும் லேத்தும் கூடச் சேர்ந்து போட்டார்கள். யாரும் போடச் சொல்லவில்லை.

அக்கா வந்தது அப்போதுதான். பாப்பா வரவில்லை, பரீட்சை என்றாள். புகை இன்னும் முழுசாகப் போகவில்லை. வண்டியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மாமாவின் சட்டையைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதுவும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அடி ஒன்றும் படலையே என்று மட்டும் கேட்டாள். வெளியே பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்த சுவர் ஓரமாக இருவரும் போய் நின்றார்கள். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கொடுத்துவிட்டு நகர்ந்திருக்கவேண்டும். நகரவில்லை.

அக்கா வந்த விஷயத்தைச் சொன்னாள். மருத்துவமனையில் அவளை நிரந்தரமாக்கிவிட்டார்கள். மாடியிலேயே இரண்டு அறை கொடுக்கிறார்கள், அடுத்த மாதம் அவளும் பாப்பாவும் அங்கே போகப்போகிறார்கள். போனில் சொல்ல மனசு வரவில்லை, நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாளாம். மாமா நல்லது என்றார். நிஜமாகவே நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். அவருக்கு நடிக்கத் தெரியாது.

"வேற ரெண்டு மூணு இடம் இருக்கு" என்றார் அப்புறம். "பார்த்துட்டு உங்களைக் கூப்பிட்டுக்கறேன்."

அக்கா பாட்டிலின் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"வேலை கிடைச்சாத்தான் வருவேன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

மாமா அடுக்கியிருந்த டயர்களைப் பார்த்தார்.

"முதல் வருஷம் முழுக்க என் துணியை அலமாரில வைக்கலை. எந்த நேரமும் கிளம்பற மாதிரி பையிலேயேதான் வெச்சிருந்தேன். அம்மா தினமும் கேப்பாங்க, எதுக்குடி இப்படின்னு. போன் அடிக்கிறப்பல்லாம் இன்னிக்குச் சொல்லிடுவீங்க, இன்னிக்குச் சொல்லிடுவீங்கன்னு இருக்கும். வான்னு ஒரு வார்த்தை போதும். வேலையாவது ஒன்னாவது, அன்னிக்கே வந்திருப்பேன்."

அவள் குரல் உயரவே இல்லை. கடைக்குள் யாரோ மரத்தூளைத் துடைப்பத்தால் தள்ளுகிற சத்தம் கேட்டது. மாமா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"இப்பக் கூப்பிடறேன்" என்றார். "வந்துடு. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடு."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால்கூட நான் சந்தோஷப்பட்டிருப்பேன். தேடிப் பார்த்தேன், இல்லை.

"இப்பப் பழகிடுச்சுங்க" என்றாள்.